ஷாங்காய் ஆலைகளும் சீனத் திருச்சபையின் தொழில் நியதியும் (1922–1925)

1922ஆம் ஆண்டு மே மாதத்தில் ஷாங்காய் நகரில் கூடிய சீனத் தேசியக் கிறிஸ்தவ மாநாட்டைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் இரு காரணங்களுக்காக நினைவுகூர்வது வழக்கம். கூடிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் சீனராயிருந்தனர் என்பது ஒன்று. எடின்பரோ மாநாட்டின் தொடர்ச்சிக் குழுவாய் இயங்கி வந்த அமைப்பு, சீனத் தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கமாக உருப்பெற்றது என்பது மற்றொன்று. ஆனால் அதே மாநாடு தொழிலாளர் நிலையைக் குறித்தும் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. அது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது. அத்தீர்மானத்திற்கு அடுத்த மூன்றாண்டுகளில் நேர்ந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீர்மானம் சுருக்கமானது. சர்வதேசத் தொழிலாளர் மாநாடுகள் வகுத்த அளவுகோலே இறுதி இலக்கு என ஏற்றுக்கொண்டு, அதனை உடனே நடைமுறைப்படுத்தல் சீனத்தில் இயலாது என்பதையும் உணர்ந்து, மூன்று விதிகளை மட்டும் அது முன்வைத்தது. 12 வயது நிரம்பாத பிள்ளைகளை வேலைக்கு அமர்த்தலாகாது. ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வளிக்கப்பட வேண்டும். வேலை நேரத்தைக் குறைத்தும், ஆலைகளின் சுகாதாரத்தைச் சீர்படுத்தியும், இயந்திரங்களுக்குக் காப்பு அமைத்தும் தொழிலாளரின் உடல்நலம் பேணப்பட வேண்டும். முதல் விதியிலுள்ள 'நிரம்பாத' என்னும் சொல் வெற்றுச் சொல்லன்று. பிறந்த குழந்தையை ஒரு வயதினதாகக் கொண்டு, ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒரு வயது கூட்டுவது சீன மரபு. நாம் பத்து வயது என்று கூறும் பிள்ளை அங்குப் பன்னிரண்டாய் எண்ணப்படக்கூடும். சொற்களை அமைத்தவர்கள் நாட்டு நடப்பை அறிந்தவர்கள் என்பது இதனால் விளங்கும்.

மாநாட்டினர் தொழிலைப்பற்றிப் பேச நேர்ந்ததற்கு உடனடிச் சூழ்நிலை ஒன்றும் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனம் பீக்கிங் நகரில் கூடுவதாயிருந்தது. அதனை எதிர்த்து ஷாங்காய் மாணவர் அறிக்கை வெளியிட்டனர். கிறிஸ்தவம் முதலாளித்துவத்தின் கருவி என்பதே அவர்களது குற்றச்சாட்டு. எதிர்ப்பியக்கம் நகரந்தோறும் பரவியது. இருப்பினும், தீர்மானம் அக்குற்றச்சாட்டுக்கு விடையாக மட்டுமே எழுந்தது என்று கூறுவது நியாயமாகாது. அகதா ஹாரிசன் அம்மையார் 1921இலேயே சீன இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தின் தொழில்துறைச் செயலராக வந்து சேர்ந்து, ஆலைகளுக்குள் நுழைந்து கண்ணால் கண்டு எழுதத் தொடங்கியிருந்தார்.

ஆலைகள் எழுந்த வகை

ஷாங்காய் ஓர் ஆலை நகரமாக மாறியதற்கு வித்திட்டது ஓர் ஒப்பந்தம். போரில் சீனத்தை வென்ற ஜப்பான், 1895ஆம் ஆண்டின் ஷிமோனோசெகி உடன்படிக்கையால் துறைமுக நகரங்களில் தொழிற்சாலை நிறுவும் உரிமையைப் பெற்றது. ஏனைய வல்லரசுகளும் தாம் முன்னரே பெற்றிருந்த சமவுரிமை விதியைக் காட்டி அதே சலுகையை அடைந்தன. ஆயினும் பெரும் வளர்ச்சி முதல் உலகப்போரின் காலத்திலேயே வந்தது. ஐரோப்பியச் சரக்கு வருவது அருகியது. அதற்கு முன் சீனச் சந்தையை நிரப்பியிருந்த பம்பாய் நூலின் இடத்தை ஜப்பானிய நூலும் ஷாங்காய் நூலும் பிடித்துக்கொண்டன. மாவு ஆலைகளில் பொருளீட்டிய ரோங் சகோதரர்கள் 1915இல் ஷென்சின் நூற்பாலையை நிறுவிச் சில ஆண்டுகளில் சீனத்தின் தலைசிறந்த ஆலையதிபராயினர். சீன முதலாளிகளின் பொற்காலம் என்று வரலாற்றாசிரியர் கூறும் காலம் இது.

ஆலையதிபரில் கிறிஸ்தவரும் இருந்தனர். ஹெங்ஃபெங் ஆலையின் அதிபரான நியே யுன்தாய், புகழ்பெற்ற அரசியல் வல்லுநர் ஜெங் குவோஃபானின் மகள் வயிற்றுப் பேரன்; 1915ஆம் ஆண்டளவில் தம் மனைவியோடு திருமுழுக்குப் பெற்றவர்; ஷாங்காய் வணிகர் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். ஆகவே தொழில் நியதியை நிறைவேற்றிய திருச்சபைக்கு ஆலை என்பது வெளியே இருந்த பொருளன்று. அதன் வாயிற்கதவைத் திறக்கவும் மூடவும் கூடியவர் சபையின் இருக்கைகளிலேயே அமர்ந்திருந்தனர்.

பொற்காலம் நீடிக்கவில்லை. 1922 முதல் பஞ்சின் விலை ஏறியது. நூலின் விலை இறங்கியது. கடன் பெற்று விரிவாக்கப்பட்ட சீன ஆலைகள் பல தள்ளாடின, சில மூடப்பட்டன, சில ஜப்பானியர் கைக்கு மாறின. நியேயும் தாம் புதிதாய் எழுப்பிய பேராலையை இழந்தார். (பின்னாளில் அவர் கிறிஸ்தவத்தை விட்டுப் பௌத்தத்தைத் தழுவினார் என்பதை இங்குக் குறிப்பிடலாம், ஆலையின் வீழ்ச்சியையும் அம்மாற்றத்தையும் முடிச்சுப் போட நான் முனையவில்லை.) இந்த நெருக்கடியை மனத்திற்கொள்ளாமல் பின்வந்த நிகழ்ச்சிகளை விளங்கிக்கொள்ள இயலாது. திருச்சபை தன் நியதியை அறிவித்த அதே ஆண்டில், செலவைக் குறைக்கும் நெருக்கடி ஆலைகளில் தொடங்கிவிட்டது. எளிதில் குறைக்கக்கூடிய செலவு கூலியே. மிகக் குறைந்த கூலிக்குக் கிடைத்தவர்கள் பெண்களும் பிள்ளைகளும்.

ஆலைக்குள்

ஷாங்காய் நூற்பாலைத் தொழிலாளரில் பெரும்பகுதியினர் பெண்கள். நகரின் கிழக்கே யாங்ஷுபூவிலும் மேற்கே சியாவ்ஷாதுவிலும் ஆலைகள் நெருங்கி நின்றன. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் முறை மாறும். முறை ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம். விடியுமுன்பே குடிசைகளினின்று புறப்பட்டு இருளில் நடந்து வர வேண்டும். கொண்டுவந்த பழைய சோற்றில் வெந்நீர் ஊற்றி, பல வேளைகளில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உண்டு முடிக்க வேண்டும்.

அவர்களை வேலைக்கு எடுத்ததும் நீக்கியதும் முதலாளி அல்லர், மேஸ்திரியே. ஆங்கிலேயர் ஆலைகளில் 'நம்பர் ஒன்' எனப்பட்ட இப்பதவி ஷாங்காய் மக்களின் வாயில் 'நாமோவென்' ஆயிற்று. வேலை வேண்டுமாயின் நாமோவெனுக்குக் காணிக்கை வைக்க வேண்டும். பண்டிகைதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அபராதமும் அடியும் அவர் கையில் இருந்தன. ஆலையதிபர் ஆங்கிலேயராயினும் ஜப்பானியராயினும் சீனராயினும் இவ்வமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நேரான உறவு என ஒன்று இருந்ததா என்பதே ஐயத்திற்குரியது.

மேஸ்திரிக்கும் அப்பால் ஆள்கட்டும் கங்காணி இருந்தான். கிராமங்களுக்குச் சென்று வறிய பெற்றோருக்குச் சிறுதொகை கொடுத்து, பிள்ளையைச் சில ஆண்டுகளுக்கு எழுதி வாங்கிக்கொள்வான். பிள்ளையின் கூலி முழுவதும் அவனுக்குச் சேரும். ஊணும் படுக்க இடமும் அவன் கொடுப்பான். நாம் பின்னர்க் காணவிருக்கும் விசாரணைக் குழு அறிந்து எழுதிய கணக்கின்படி, கங்காணி பெற்றோருக்குக் கொடுத்தது பிள்ளை ஒன்றுக்கு மாதம் 2 டாலர். அவன் அடைந்த ஆதாயம் மாதம் 4 டாலர். இம்முறை 1930களில் நூற்பாலைகளில் இன்னும் பெருகியது. எழுத்தாளர் சியா யான் 1936இல் இதைப்பற்றி எழுதிய செய்திக் கட்டுரை சீனத்தில் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததாயிற்று.

பட்டு நூல் எடுக்கும் ஆலைகளின் நிலை இதனினும் கொடிது. ஏறக்குறையக் கொதிக்கும் நீர் நிறைந்த தொட்டிகளில் பட்டுக்கூடுகள் மிதக்கும். அவற்றைத் துடைப்பத்தால் கிளறி இழையின் முனையைத் தேடி எடுப்பது பிள்ளைகளின் வேலை. அறை முழுதும் ஆவி. நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யும் இவ்வேலையில் விரல்கள் வெந்து போகும். தாய்மார் தம் கைக்குழந்தைகளைக் கூடைகளில் இட்டு அவ்வாவியின் நடுவிலேயே கிடத்தியிருப்பர். பிள்ளைகள் ஈட்டிய கூலி சராசரியாக நாளொன்றுக்கு 20 சென்ட்டைத் தாண்டவில்லை.

இப்பெண்கள் தம்மைக் காத்துக்கொள்ள வழியேதும் அறியாதவர்கள் என்று நினைத்துவிடலாகாது. ஷாங்காய் நூற்பாலைப் பெண்களைப்பற்றி 1980களில் நூல் வெளியிட்ட எமிலி ஹோனிக் என்னும் வரலாற்றாசிரியை, முன்னாள் தொழிலாளரைத் தேடிக் கண்டு உரையாடி, அவர்களிடையே நிலவிய 'சகோதரிச் சங்கங்களை' விவரிக்கிறார். ஆறு முதல் பத்துப் பெண்கள் ஒரு கோவிலில் கூடிச் சூளுரைத்துச் சகோதரிகளாவர். வழியில் வம்பு செய்யும் போக்கிரிகளுக்கு அஞ்சிச் சேர்ந்தே நடந்து செல்வர். சிறுதொகை சேர்த்து நோயிலும் திருமணத்திலும் ஒருவருக்கொருவர் கொடுத்து உதவுவர். அவர்களைப் பிரித்து வைத்தது பெரும்பாலும் ஊரே. யாங்ட்சி ஆற்றின் வடகரையிலிருந்து வந்தவர்களைத் தென்கரையார் இழிவாக நோக்கினர். ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்குவதும் அரிது. கடினமான அழுக்கு வேலைகள் வடகரையாருக்கே ஒதுக்கப்பட்டன. சாதி என்னும் சொல்லை இங்குப் பயன்படுத்துவது பிழையாகும். எனினும் ஒரே கூரையின்கீழ் ஒரே தொழிலாளர் வகுப்பு தானாக உருவாகிவிடும் என்று எழுதுவோர் இவ்வாராய்ச்சியைப் படித்தல் நலம்.

நியதி சுருங்கிய கதை

மாநாடு முடிந்தபின், தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கம் தொழில்துறைக் குழு ஒன்றை அமைத்தது. சங்கத்தின் செயலர்களில் ஒருவரும் குவேக்கர் சபையைச் சார்ந்தவருமான ஹென்றி ஹாட்ஜ்கின் இதில் ஆர்வங்கொண்டார். நியதியை ஆலையதிபர்களிடம் எடுத்துச் சென்று அவர்கள் தாமாக ஏற்கும்படி வேண்டுவது முதல் வழி. இதனால் பெரும்பயன் விளையவில்லை என்பதைக் கூற வேண்டுவதில்லை. ஓர் ஆலை மட்டும் பிள்ளைகளை நீக்கினால் அடுத்த ஆலை அவர்களை எடுத்துக்கொள்ளும் என்பதே அதிபர்கள் கூறிய விடை. அவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. ஆகவே சட்டம் வேண்டும்.

சட்டத்தை யார் இயற்றுவது? பீக்கிங் அரசாங்கம் 1923 மார்ச்சில் தொழிற்சாலை விதிகளை வெளியிட்டது. ஆயினும் அவ்வரசாங்கத்தின் ஆணை தலைநகருக்கு வெளியே செல்லுபடியாவது அருமை; ஷாங்காயின் சர்வதேசக் குடியேற்றப் பகுதியிலோ, உடன்படிக்கைகளின்படி, அறவே செல்லாது. ஆலைகளில் பெரும்பாலானவை இருந்தது அப்பகுதியில். அதனை ஆண்டது ஷாங்காய் முனிசிபல் கவுன்சில். அதனைத் தேர்ந்தெடுத்தவர் சொத்துவரி செலுத்திய வெளிநாட்டவர். அப்பகுதியின் மக்கள் மிகப் பெரும்பாலும் சீனர். வரியிலும் பெரும்பங்கு அவர்களுடையது. வாக்கு மட்டும் இல்லை. கவுன்சிலில் முதன்முதலாக மூன்று சீனர் இடம்பெற்றது 1928இல்தான்.

கிறிஸ்தவச் சீர்திருத்தக்காரர் நாடிச் சென்றது இந்தக் கவுன்சிலையே. பெண்கள் சங்கங்களின் கூட்டுக் குழுவும் வற்புறுத்த, 1923இல் கவுன்சில் குழந்தைத் தொழிலாளர் விசாரணைக் குழுவை நியமித்தது. அதில் ஆலை நடத்துவோரும் இருந்தனர். அகதா ஹாரிசனும் அவருக்குப்பின் மேரி டிங்மனும் இருந்தனர். மெதடிஸ்டு குடும்பத்தவரும் பின்னாளில் சியாங் கை-ஷேக்கின் துணைவியாருமான சூங் மெய்லிங் இருந்தார். மருத்துவர் ஷி மெய்யூ இருந்தார். இங்கிலாந்தில் தொழிற்சாலைகளின் தலைமைப் பெண் ஆய்வாளராய் நெடுங்காலம் பணியாற்றிய அடிலெய்ட் ஆண்டர்சன் அம்மையாரும் பின்னர்ச் சேர்ந்துகொண்டார். அறிவும் இரக்கமும் வாய்ந்தவர்கள். ஆலையில் வேலை செய்தவர் ஒருவரும் அக்குழுவில் இல்லை.

1924 ஜூலையில் வெளிவந்த அறிக்கை நேர்மையானது. மேலே யான் கூறிய பட்டாலைக் காட்சிகளும் கங்காணியின் கணக்கும் அதில் உள்ளவையே. ஆனால் அதன் பரிந்துரைகளைத் திருச்சபையின் நியதியோடு அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். நியதி 12 வயது என்றது. அறிக்கையோ இப்போதைக்கு 10 வயது, நான்காண்டுகளில் 12 என்றது. நியதி ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு கேட்டது. அறிக்கை பதினான்கு நாளில் ஒரு நாள் என்றது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் வேலை நேரம், ஒரு மணி இடைவேளையை உள்ளடக்கி, நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணிக்கு மேற்படலாகாது என்றும் அது கூறிற்று. ஓய்வுநாள் கட்டளை வீட்டுத் தலைவனை மட்டுமன்றிப் பணியாளரையும் அந்நியரையும் உள்ளடக்கியது என்பதை நம் மாணவர் பழைய ஏற்பாட்டு வகுப்பிலேயே கற்கின்றனர். அக்கட்டளை இரண்டு வாரத்திற்கு ஒரு முறை என்னும் அளவுக்குச் சுருங்கியதைக் கிறிஸ்தவ உறுப்பினர் வருந்தியே ஏற்றிருப்பர் என நினைக்கிறேன்.

அவர்கள் ஏன் ஏற்றனர்? குழுவின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆலையினின்று நீக்கப்படும் பிள்ளைகளைச் சேர்க்கப் பள்ளிகள் இல்லை. பிள்ளையின் கூலியை இழந்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். அதைத் தடுக்கத் தாயின் கூலி உயர வேண்டும். அதைப்பற்றி முடிவு செய்யும் அதிகாரம் குழுவுக்கு இல்லை. விதி கடுமையானால் ஆலைகள் குடியேற்றப் பகுதியின் எல்லைக்கு அப்பால் சென்றுவிடலாம். இக்காரணங்கள் யாவும் உண்மையானவை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரே இடத்தைச் சுட்டுகிறது. பிள்ளையின் வயது தனித்த பிரச்சினையன்று. வளர்ந்தோரின் கூலியும் மேஸ்திரியின் அதிகாரமும் அதனோடு பிணைந்திருந்தன. அவற்றைத் தொடாமல் வயதை மட்டும் உயர்த்த முயன்றதே குழுவின் இடர்ப்பாடு.

1925

விசாரணைக் குழு சொன்னதைச் சட்டமாக்க, குடியேற்றப் பகுதியின் துணைவிதிகளைத் திருத்த வேண்டும். அதற்கு வரிசெலுத்துவோரின் சிறப்புக் கூட்டம் கூட வேண்டும். நம் பேராய மன்றக் கூட்டங்களில் 'கோரம்' என்று சொல்லுகிறோமே, அது அங்கு மொத்த வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு. 1925 ஏப்ரல் 15 அன்று கூட்டம் அழைக்கப்பட்டது. போதிய வாக்காளர் வரவில்லை. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய அவசியம்கூட எவருக்கும் ஏற்படவில்லை. வீட்டில் இருந்தாலே போதுமாயிருந்தது. ஜூன் 2க்கு மறுபடியும் கூட்டம் குறிக்கப்பட்டது.

இங்கு ஒரு விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். கவுன்சில் இத்துணைவிதியைத் தனியாக முன்வைக்கவில்லை. அச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் விதி, துறைவரி உயர்வு, சந்தைப் பரிவர்த்தனைக் கூடங்களைப் பதிவு செய்யும் விதி ஆகியவற்றோடு சேர்த்தே வைத்தது. சீன வணிகரும் மாணவரும் கொதித்தெழுந்தது முதன்மையாக அச்சு விதியையும் துறைவரியையும் எதிர்த்தே. ஆனால் நான்கும் ஒரே கட்டாய் வந்தமையால், குழந்தைகளைக் காக்க எழுந்த விதியும் அந்நிய ஆட்சியின் 'நான்கு பிரேரணைகளுள்' ஒன்றாய் எண்ணப்பட்டது. ஷாங்காய்த் தெருக்களில் அந்நான்கையும் எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் வழங்கப்பட்டன. திருச்சபையின் நியதி இறுதியில் போய்ச் சேர்ந்த இடம் இது.

இதற்கிடையே ஆலைகளில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. 1925 பிப்ரவரியில் ஜப்பானியருக்குரிய நைகாய் வாட்டா நிறுவனத்தின் எட்டாம் ஆலையில் ஆண் தொழிலாளர் சிலர் நீக்கப்பட்டு, பயிற்சி பெற்ற இளம் பெண்கள் அவர்களிடத்தில் வைக்கப்பட்டனர். வேலைநிறுத்தம் மூண்டு, 22 ஆலைகளுக்குப் பரவி, முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஈர்த்தது. நீக்கப்பட்டவரை மீண்டும் எடுத்தல், பத்து விழுக்காடு கூலி உயர்வு ஆகியவற்றோடு, தொழிலாளரை அடிக்கலாகாது என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. மலிவான இளம் உழைப்பைக் கொண்டு வளர்ந்தோரை வெளியேற்றுதல் என்னும் அதே செயலைத்தான் விசாரணைக் குழு ஒரு பக்கத்திலிருந்தும், வேலைநிறுத்தம் செய்தோர் மறுபக்கத்திலிருந்தும் கண்டனர். இரு தரப்பாரும் சந்தித்துக்கொள்ளவில்லை. இவ்விடைவெளியையே நான் இவ்வரலாற்றின் மையமாகக் கருதுகிறேன். 1925இன் நிகழ்ச்சிகளைத் தேசிய எழுச்சி என்று மட்டும் எழுதுவோரும், கம்யூனிஸ்டுகளின் கைவேலை என்று மட்டும் எழுதுவோரும் இதைக் கவனிப்பதில்லை.

மே 15 அன்று, நூல் வரத்து இல்லை எனக் காரணங்காட்டிக் கதவடைக்கப்பட்ட ஏழாம் ஆலைக்குள் தொழிலாளர் நுழைந்தபோது, ஜப்பானிய மேற்பார்வையாளர் சுட்டதில் கு செங்ஹோங் என்னும் இருபது வயதுத் தொழிலாளி வீழ்ந்தார். இரண்டு நாளில் இறந்தார். வடகரையிலிருந்து வந்த குடியானவர் மகன் அவர். கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்திருந்தவர். மே 30 அன்று நாஞ்சிங் சாலையில் மாணவர் ஊர்வலம் வந்தது. கைதானோரை விடுவிக்கக் கோரிக் காவல் நிலையத்தின் முன் கூட்டம் நெருக்கியபோது, ஆங்கிலேய அதிகாரி எவர்சன் சுட ஆணையிட்டார். பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆணையை நிறைவேற்றிய காவலருள் சீனரும் நம் நாட்டுச் சீக்கியரும் இருந்தனர்.

ஜூன் 1 முதல் கடைகளும் பள்ளிகளும் ஆலைகளும் ஒருங்கே மூடப்பட்டன. லி லிசான் தலைமையில் ஷாங்காய்ப் பொதுத் தொழிற்சங்கம் தோன்றியது. அடுத்த நாள், ஜூன் 2, வரிசெலுத்துவோரின் கூட்டம் குறிக்கப்பட்டிருந்த நாள். அன்றும் கோரம் கூடவில்லை. குழந்தைத் தொழிலாளர் துணைவிதி அத்துடன் முடிந்தது.

வேலைநிறுத்தம் அந்நிய ஆலைகளில் பல வாரங்கள் நீடித்தது. சீன வணிகர் முதலில் பணம் திரட்டி உதவினர். ஜூலையில் கவுன்சிலின் மின்நிலையம் சீன ஆலைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தியதும் அவர்களது உற்சாகம் தணிந்தது. சமரசம் பேசத் தொடங்கினர். செப்டம்பருக்குள் தொழிலாளர் வேலைக்குத் திரும்பிவிட்டனர். இந்த விவரம் சிறிதாயினும், அந்நியரை எதிர்த்த ஒற்றுமைக்குள் முதலாளியும் தொழிலாளியும் எவ்வளவு தூரம் சேர்ந்து நடந்தனர் என்பதற்கு இது அளவு.

திருச்சபைக்குள் என்ன நடந்தது? ஜூன் 3 அன்று, ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த புனித யோவான் பல்கலைக்கழகத்தில் மாணவர் துக்கத்தின் அடையாளமாய் ஏற்றிய சீனக் கொடியைத் தலைவர் ஹாக்ஸ் பாட் இறக்கச் செய்தார். 500க்கு மேற்பட்டோர் வெளியேறினர். அவர்களுக்காகவே குவாங்ஹுவா பல்கலைக்கழகம் எழுந்தது. தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கம் நடுநிலையான விசாரணை வேண்டுமென்றது. சீனக் கிறிஸ்தவர் பலருக்கு அது போதவில்லை. குடியேற்றப் பகுதியின் பிரித்தானியருக்கு அது மிகையாயிருந்தது. மிஷனெரிச் சங்கங்கள் சில, உடன்படிக்கைகள் தமக்களித்த தனிப் பாதுகாப்பு இனி வேண்டாம் என்று சொல்லத் துணிந்தது இதன் பின்னரே. துணைவிதிக்காக மூன்றாண்டுகள் உழைத்தவர்கள் அதே உடன்படிக்கைகளின் நிழலிலேயே சட்டம் தேடினர் என்பது அப்போது அனைவருக்கும் தெரிந்தது. சீனரின் குழந்தைகளுக்காக வாக்களிக்கும்படி, சீனருக்கு வாக்கில்லாத மன்றத்திடம் முறையிட்டனர். எண்ணம் தூயதாயிருந்தது, ஆனால் முறையீட்டைக் கேட்க வேண்டியவர் யார் என்னும் கேள்வியை அவர்கள் கேட்கவில்லை.

அதற்குப் பின்

1927 ஏப்ரல் 12 அன்று சியாங் கை-ஷேக்கின் படைகளும் நகரத்து இரகசியக் கும்பல்களும் சேர்ந்து ஷாங்காய்த் தொழிற்சங்கங்களை இரத்தத்தில் அழித்தன. நான்கு மாதம் கழித்து, ஆகஸ்டில், தேசியக் கிறிஸ்தவ ஆலோசனைச் சங்கம் அதே நகரில் பொருளாதார உறவுகளைக் கிறிஸ்தவமயமாக்குதல் பற்றி மாநாடு ஒன்றைக் கூட்டியது. புதிய அரசாங்கம் 1929 இறுதியில் தொழிற்சாலைச் சட்டம் இயற்றிக் குறைந்தபட்ச வயதை 14 ஆக்கியது. தாளில் அது 1922இன் நியதியைக் கடந்தது. நடைமுறையில், குடியேற்றப் பகுதிக்குள் ஆய்வாளரை அனுப்பும் உரிமை யாருக்கு என்னும் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அடிலெய்ட் ஆண்டர்சன் 1931இல் சர்வதேசத் தொழிலாளர் அலுவலகத்தின் சார்பில் மீண்டும் வந்து ஆராய்ந்த கேள்வியும் அதுவே.

அகதா ஹாரிசன் சீனத்தை விட்டு 1924இல் சென்றுவிட்டார். 1929இல் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையத்தோடு அவர் நம் நாட்டிற்கு வந்தார்; பின்னர் இலண்டனில் காந்தியடிகளின் நம்பிக்கைக்குரியவராய் நெடுநாள் பணிபுரிந்தார். ஷாங்காயில் அவர் விட்டுச்சென்ற பணி வேறு திசையில் திரும்பியது. இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கத்தார் சட்டம் வேண்டி மன்றாடுவதைக் குறைத்துக்கொண்டு, 1920களின் இறுதியில் ஆலைப் பகுதிகளில் இரவுப் பள்ளிகளைத் திறந்தனர். இப்பணியின் தலைமையை ஏற்றவர் டெங் யூச்சி என்னும் சீனப் பெண்மணி. இலண்டனில் பொருளாதாரம் கற்றுத் திரும்பியவர். பன்னிரண்டு மணி நேரம் நின்று உழைத்தவர்கள் அங்கு வந்து எழுத்தும் கணக்கும் கடிதம் எழுதும் முறையும் கற்றனர். தொழிற்சாலைச் சட்டம் என்ன சொல்லுகிறது, தொழிற்சங்கம் என்றால் என்ன, பஞ்சின் விலை ஏன் ஏறுகிறது என்பவையும் பாடங்களாயின. தம் வாழ்க்கையைத் தாமே நாடகமாக்கி நடித்தனர். ஆசிரியருள் இடதுசாரிகள் பலர். 1930களில் அங்குச் சில காலம் கற்பித்த இளம்பெண் ஒருவர் பின்னாளில் ஜியாங் சிங் என்னும் பெயரில் மாசேதுங்கின் மனைவியானார். பள்ளி கிறிஸ்தவத் தன்மையை இழக்கிறது என்னும் புகாரும் எழாமலில்லை.

ஹோனிக் சந்தித்த முன்னாள் தொழிலாளருள் இப்பள்ளிகளில் பயின்றோரும் இருந்தனர். சகோதரிச் சங்கங்களாய்ச் சேர்ந்திருந்தவர்கள் அங்குத்தான் வேற்றூர்ப் பெண்களோடு ஒரே பலகையில் அமர்ந்தனர். அவர்களுள் சிலர் 1940களில் ஆலைகளில் தொழிற்சங்கத்தைக் கட்டியவராயினர். 1949 செப்டம்பரில் பீக்கிங்கில் கூடிய மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டில் புராட்டஸ்தாந்து கிறிஸ்தவரின் பிரதிநிதிகளாய் ஐவர் அமர்ந்தனர். இறையியலாளர் சாவ் ட்சூசென் அவர்களுள் ஒருவர். நம் மாணவர் அறிந்த பெயர் அது. மற்றொருவர் டெங் யூச்சி.